வயிற்றுக்குள் ஓர் அருமையான கட்டி

எங்கள் குடும்பத்தை ரப்பர் லேசில் விடாது. அப்பா பீடோருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் பால் மரம் சீவினார். அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தோம். நான் ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், டயர் கடையில் வேலைக்கு நின்றேன். அப்பா மரத்திலிருந்து இறக்கிய ரப்பரை நான் லாரிச் சக்கரத்தில் ஏற்றினேன். எங்கள் தலைமுறை முன்னேற்றம் அவ்வளவுதான். பிறகு எண்பதுகளின் நடுவில், எனக்கு நாற்பத்தைந்து தாண்டியிருந்த சமயம், கறுப்பாக, வழவழவென்று, ஒரு நீளக் குழாயை வாய் வழியாக என் வயிற்றுக்குள் இறக்கினார்கள். வெளியே சுற்றியது போதாதென்று ரப்பர் உள்ளேயும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

அதற்குக் காரணம் என் மனைவி. அந்த வருடம் எனக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. லாரி டயரை உருட்டும்போது கண்ணுக்கு முன்னால் மின்மினி பறந்தது. கண்ணாடியில் முகம் வெளுத்துத் தெரிந்தது. இத்தனை வயதுக்கு மேல் நிறம் ஏறுகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். மனைவி என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ரத்தமே இல்லை என்றாள். வெளிக்குக் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டாள். பால் கலக்காத கோப்பி ஓ குடிக்கிறவனுக்கு வேறு என்ன கலரில் போகும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டில் வேலை பார்த்தவள் அவள். கிராணி என்றால் பேரேடு எழுதுகிற பெரிய மனுஷர், சிலோன்காரர். அந்த வீட்டில் பாத்திரம் கழுவியதில் அவளுக்கு ஒரு குணம் ஒட்டிக்கொண்டது: கறை தெரிந்தால் போகும்வரை விடமாட்டாள். என்னையும் விடவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை கடைக்குக் கிளம்பிய என்னை ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல வராது. ஈப்போ வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் மைக்கை என் கையில் கொடுப்பார்கள். அதற்குச் சம்பளம் ஒரு வேளைச் சாப்பாடும், சபையோரின் சிரிப்பும். அதற்கு முன், எழுபதுகளில், தோட்டத்துக் கோயில் திருவிழா நாடகத்தில் எனக்கு ஒருமுறை சாகிற வேடம் கொடுத்தார்கள். இரண்டாம் காட்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாக வேண்டிய தகப்பன். கிடைத்த மேடையைச் சும்மா விடுவேனா? விழுந்தேன், எழுந்தேன், மகனுக்குப் புத்தி சொன்னேன், மறுபடியும் விழுந்தேன், இன்னொரு மகனுக்கும் சொன்னேன். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சீக்கிரம் சாவுலா அண்ணே, விடிஞ்சா பாலுக்குப் போவணும்."

அந்தக் குரலை நான் மறக்கவே இல்லை. மறக்காமல் இருந்தது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று பிறகு தெரியும்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. என்னைவிடச் சின்னவர், மூக்குக் கண்ணாடி, பொறுமையான முகம். தாதிகளிடம் இங்கிலீஷ், அட்டெண்டண்டுகளிடம் மலாய், எங்களைப் போன்றவர்களிடம் வீட்டில் பேசுகிற தமிழ். அவர் பேசியதும் தமிழ்தான், நான் பேசியதும் தமிழ்தான். நடுவில் மட்டும் ஒரு கடல் இருந்தது.

எப்போதிருந்து வயிறு வலிக்கிறது என்று கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து என்றேன். சிரித்தார். எத்தனை வேளை சாப்பிடுவீர்கள் என்றார். கூப்பிட்ட வேளையெல்லாம் என்றேன். பாதி சிரித்தார். குடிப்பீர்களா என்றார். யார் வாங்கிக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, குழாய் விட்டே பார்த்துவிடலாம் என்றார். என் நகைச்சுவைக்கு அப்படி ஒரு தண்டனை அதற்கு முன் கிடைத்ததில்லை.

தொண்டையில் கசப்பாக எதையோ அடித்தார்கள். நாக்கு செருப்புத் தோல் மாதிரி ஆயிற்று. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைச் செருகினார்கள். தலைமாட்டில் நின்ற மலாய்க்கார அட்டெண்டண்ட் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "தெலான், பாங், தெலான்" என்றார். விழுங்கு அண்ணே, விழுங்கு என்று அர்த்தம். மலைப்பாம்பு ஆட்டுக்குட்டியை விழுங்குவதை நான் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பாம்பே என்னிடம் பாடம் கேட்டிருக்கும்.

டாக்டர் குழாயின் மறு முனையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். சாவித் துவாரத்தில் பார்க்கிற மாதிரி. கையிலிருந்த சக்கரத்தைத் திருகித் திருகி உள்ளே போனார். திடீரென்று திருகுவதை நிறுத்தினார். பக்கத்து அறையிலிருந்து ஒரு இளம் டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் ஒற்றைக் கண்ணை வைத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி மாறி மாறிப் பார்த்தார்கள். "வெரி ரேர்" என்றார் பெரியவர். இளையவர் தலையாட்டினார். டயர் கடைக்காரனுக்குத் தெரிந்த ரேர் பின் சக்கரம்தான்; ஏதோ ரொம்பப் பின்னால் இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்கலாம் என்றால் வாயில் வளையம். என் வாழ்க்கையில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது அந்த ஒரு நேரம்தான்.

எழுந்து உட்கார்ந்து எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்தார். வாசலுக்கு வெளியே இன்னும் ஒரு பெஞ்சு நிறைய ஆட்கள். அவர் கையில் அடுத்தவரின் சீட்டு. நின்றபடியே சொன்னார்.

"இரைப்பையிலை கீழ்ப்பக்கமா ஒரு சின்னக் கட்டி இருக்கு. அதிலைதான் ரத்தம் கசியுது. ஒரு துண்டு கிள்ளி அனுப்பியிருக்கிறன். ரெண்டு கிழமையாலை மனுசியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஆறுதலாக் கதைப்பம்."

சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார். நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கட்டி என்ற சொல்லே போதும். எங்கள் பக்கத்தில் புற்றுநோயைப் பெயர் சொல்லிக்கூட யாரும் பேசமாட்டார்கள். "அந்த வியாதி" என்று குரலை இறக்குவார்கள். ஆனால் என்னை அடித்து வீழ்த்தியது கட்டி இல்லை. கடைசிச் சொல். ஆறுதல். அந்தச் சொல்லை எங்கள் ஆட்கள் எங்கே பயன்படுத்துவார்கள்? சாவு வீட்டில். "போயி ரெண்டு வார்த்த ஆறுதல் சொல்லிட்டு வாரேன்" என்றுதான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். ஆக, டாக்டருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நின்ற நிலையில் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, மனைவியையும் வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் சேர்த்து ஆறுதல் சொல்லப் போகிறார். துக்கம் விசாரிக்கச் செத்தவனையே தேதி கொடுத்து வரச் சொன்ன முதல் டாக்டர் அவராகத்தான் இருப்பார்.

ரத்தம் ஊற மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த இரும்பு மாத்திரையைச் சாப்பிட்டால் வெளிக்குக் கறுப்பாகத்தான் போகும் என்று மருந்துக் கவுண்டரில் இருந்தவர் சொல்லியிருக்கலாம். சொன்னாரோ என்னவோ, என் காது ஆறுதலில் அடைத்துக் கிடந்தது. மறுநாள் காலை கக்கூஸில் எட்டிப் பார்த்துவிட்டு, முன்னைவிடக் கறுப்பு, முடிந்தது கதை என்று அங்கேயே சுவரில் சாய்ந்தேன்.

மனைவியிடம் வாயு என்று சொல்லி வைத்தேன். அடுத்த தடவை அவளையும் வரச் சொன்னார் என்றதும் எதற்கு என்றாள். இவ்வளவு பொறுமைசாலியை நேரில் பார்க்க வேண்டுமாம் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள்.

அந்த இரண்டு வாரம் நான் செத்த லட்சணத்தை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. முதல் வேலையாகக் கடைசி வார்த்தை தயார் செய்தேன். இத்தனை வருடம் மைக் பிடித்தவன், போகும்போது சும்மா போகக் கூடாது அல்லவா? காலையில் பசியாறும்போது, இட்லியைப் பிட்டபடி, "எல்லாரும் ஒத்துமையா இருங்க" என்று குரலை நடுங்கவிட்டுப் பார்த்தேன். பெரிய மகள், சட்னி தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். கண்ணை மூடினால் அந்தத் தோட்டத்துக் குரல் வேறு: சீக்கிரம் சாவுலா அண்ணே.

கடையில் தவுக்கேயிடம் மட்டும் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. அவர் அடுக்கி வைத்த டயர்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "லூ ஜாங்ஙான் மாத்தி டுலு. ஸ்டோக் பெலும் கிரா" என்றார். நீ இப்போது செத்துவிடாதே, சரக்கு இன்னும் எண்ணி முடியவில்லை என்கிறார். எனக்கு அழுகை வந்தது. சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்கில் ஏதோ வேர் கஷாயம் வந்தது. அதைக் குடித்ததில், கட்டி செத்ததோ இல்லையோ, என் நாக்கில் மிச்சமிருந்த ருசி செத்தது.

அந்த வாரக் கடைசியில் என் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பீடோருக்குப் போனேன். அங்கே என் மனைவியின் தம்பி இருந்தான். பழைய தோட்டத்துக்குப் பக்கத்திலேயே எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினான். என் கப்பச்சாய் வண்டிமேல் அவனுக்குப் பல வருடமாகக் கண். வந்தால் முதலில் அதைத்தான் தடவிக் கொடுப்பான், பிறகுதான் எனக்கு வணக்கம். நான் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டேன்.

"இனிமே இது உன்னுது மச்சான். நல்லா பாத்துக்க."

"அப்ப நீங்க எதுல வேலைக்குப் போவீங்க?"

"நான் போற எடத்துக்கு வண்டி தேவையில்லலா," என்றேன், தூரத்தில் தெரிந்த செம்பனைக் கன்றுகளைப் பார்த்தபடி. எவ்வளவு அழகான வசனம். அவன் ஒரு வினாடி யோசித்தான். பிறகு வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணி, என்னைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் லூமுட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடலைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று. பிள்ளைகள் பங்கோர் தீவுப் படகு போவதையும் வருவதையும் பார்த்துக் கைகாட்டினார்கள். நான் படகுத் துறையின் ஓரத்தில் நின்று, கடலைவிடப் பெரியதாக எதையோ யோசிக்கிற முகத்தை வைத்துக்கொண்டேன். பொரித்த மீன் வந்தது. நான் என் துண்டையும் மனைவியின் தட்டில் வைத்தேன். அவள் மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் ஒரு பட்டுப் புடவையும் எடுத்துக் கொடுத்தேன். தீபாவளிக்கு இன்னும் மாதக் கணக்கில் இருந்தது. வீட்டில் பாகற்காய்க் குழம்பு வைத்தால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் பேசினால் குறுக்கே பேசாமல் கேட்டேன். இந்தப் பதினெட்டு வருடத்தில் நடக்காத அதிசயம் அது. அன்பாக இருந்தால் அவள் நான் போன பிறகு நல்லபடியாக நினைத்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டேன். அவள் என்ன கணக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது.

அது ஆஸ்பத்திரி பெஞ்சில் தெரிந்தது.

அன்று காலை டவுன் பஸ்ஸில்தான் போனோம், வண்டிதான் இல்லையே. அவள் அந்தப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, எண் சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி சொல்லிருங்க. யாரு அவ?"

"எவ?"

"பொடவை வாங்கிக் குடுக்குறீங்க. பாவக்காய நல்லாருக்குங்குறீங்க. வண்டியக் காணோம், கேட்டா தம்பிக்குச் சும்மா குடுத்தேங்குறீங்க. கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டுத் தன்னால பேசுறீங்க. இதுல டாக்டரு பொண்டாட்டியையும் வரச் சொல்றாரு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டீங்களா? எவகிட்டயோ போயி என்னமோ வாங்கிட்டு வந்திருக்கீங்க."

நான் சிரித்திருக்க வேண்டும். வேறு எவனுடைய மனைவியாவது இப்படிக் கேட்டிருந்தால் அதை ஒரு வருடத்துக்கு மைக்கில் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். அன்று மட்டும் நேராகவே பதில் சொன்னேன். வயிற்றில் கட்டி என்றேன். கிள்ளி அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். டாக்டர் நமக்கு ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்றேன். தயார் செய்து வைத்திருந்த கடைசி வார்த்தை ஒன்றும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

அவள் முகம் மாறியது. புடவை முந்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் என்ன சொன்னார், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள் என்றாள். குரல் மாற்றிப் பேசுவது என் தொழில். டாக்டரின் ராகத்திலேயே, ரெண்டு கிழமையாலை மனுசியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஆறுதலாக் கதைப்பம் என்று சொல்லிக் காட்டினேன்.

அவள் முந்தியை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து முதுகில் தட்டினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடக்க முடியாமல் வெளியே வந்ததும், எதிரே உட்கார்ந்திருந்த சீனப் பாட்டியும் காரணம் தெரியாமல் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஆறுதலான்னா அவங்க பாசையில மெதுவாங்க. அவசரமில்லாம. கிராணி வீட்டம்மா தெனம் சொல்லுவாங்க, ஆறுதலாச் சாப்பிடு பிள்ளை, ஆறுதலாக் கழுவு, கோப்பை உடைஞ்சு போம்னு. மொத நாளு நானும் யாரு செத்துட்டான்னுதான் பாத்தேன்."

ஆக, டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: இப்போது கூட்டமாக இருக்கிறது, பிறகு வாருங்கள், சாவகாசமாகப் பேசலாம். அந்தச் சாவகாசத்துக்காக நான் இரண்டு வாரம் பாடையில் படுத்திருந்தேன். பாடைக்கு முன்பணமாக வண்டியையும் கொடுத்திருந்தேன்.

அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது. "கட்டி இருக்குறது நெசந்தானே?" என்றாள். நிஜம்தான் என்றேன். சொல்லின் பயம் போய்விட்டது. கட்டியின் பயம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு வாரமாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டு கடலைக் காட்டவா கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. எங்கள் எண்ணைக் கூப்பிடும்வரை எடுக்கவில்லை. எழுந்தபோது என் கையில் அவள் வளையல் பதிந்த தடம் இருந்தது.

டாக்டர் எங்களைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். "இருங்கோ, இருங்கோ. இண்டைக்குச் சனம் குறைவு. ஆறுதலாக் கதைப்பம்."

என் மனைவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று டாக்டர் நினைத்திருப்பார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு அவர் கைகளைக் கோத்து மேசையில் வைத்தார். நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல செய்தி சொல்கிறவன் கையை எப்படி வைத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியவில்லை.

"புற்று இல்லை," என்றார்.

எனக்குக் கேட்டது. ஆனால் என்னால் அசைய முடியவில்லை. இந்த மனிதர் பேசும் தமிழில் இல்லை என்றால் என்ன அர்த்தமோ என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். "இல்லைன்னா இல்லதாங்க," என்றாள் அவள், மெதுவாக. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். இரைப்பையின் உள் தோல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுரப்பிகள். சாறு சுரப்பது அவற்றின் வேலை. சிலருக்கு, காரணம் என்னவென்று சரியாகத் தெரியவில்லை, ஓரிடத்தில் மட்டும் அவை அளவுக்கு மிஞ்சிப் பெருகிக் குலை கட்டிக்கொள்ளும். அடினோமா என்று பெயராம். தீங்கு செய்யாத கட்டிதான். ஆனால் விட்டு வைத்தால் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். காலப்போக்கில் சிலது குணம் மாறவும் கூடும். அதனால் எடுத்துவிடுவது நல்லது. வயிற்றைக் கிழிக்க வேண்டாம். அதே குழாய் வழியாக ஒரு கம்பிச் சுருக்கை அனுப்பி, கட்டியின் கழுத்தில் மாட்டி, கரண்டு கொடுத்து அறுத்துவிடலாம். சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது.

"உங்களுக்கு வந்திருக்கிற இந்த வகை அருமையாத்தான் வரும். படிக்கிற நாளிலை புத்தகத்திலை படம் பார்த்தனான். நேரிலை இப்பதான் பார்க்கிறன்."

எனக்குப் பால் மரம் ஞாபகம் வந்தது. வெட்டு ஆழமாக விழுந்த மரத்தில் பட்டை முண்டு கட்டும். அப்பாவின் உளி அந்த இடத்துக்கு வந்தால் துள்ளும். அவர் மரத்தைத் திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு சீவுவார். முண்டுக்காக எந்த மரமும் செத்ததில்லை. இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, ஏறக்குறைய சரி, ஆனால் இந்த முண்டைச் சுற்றிக்கொண்டு போக முடியாது, எடுக்கத்தான் வேண்டும் என்றார்.

எல்லாம் சரி, மனைவியை எதற்கு வரச் சொன்னீர்கள் என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்களிட்டை என்ன கேட்டாலும் பகிடிதான் வருகுது. மனுசியிட்டைக் கேட்டால் உண்மை வரும் எண்டு நினைச்சன்."

வந்தது. தலைவலி என்று நான் அள்ளி விழுங்குகிற மாத்திரை, கல்யாண வீட்டில் மைக்கை வைத்த கையோடு யாரோ ஊற்றிக் கொடுப்பது, வலியை மறைத்தது, கோப்பி ஓ கதை, எல்லாவற்றையும் அவள் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் பேனா நிற்காமல் எழுதினார். தலைவலி மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். நான் நடுவில் ஒரு ஜோக் சொல்ல வாயெடுத்தேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். மூடிக்கொண்டேன்.

குறித்த நாளில் போய்ப் படுத்தேன். அதே வளையம், அதே மலாய்க்கார அண்ணன், அதே தெலான். இந்த முறை ஊசி போட்டதால் பாதி விழிப்பும் பாதித் தூக்கமுமாகக் கிடந்தேன். எழுந்தபோது டாக்டர் ஒரு சின்னச் சீசாவைக் காட்டினார். உள்ளே தண்ணீரில், இளஞ்சிவப்பாக, ஊறிய கடலைப் பருப்பு அளவில் என் கட்டி. நான் டுரியான் பழ அளவுக்கு நினைத்து வைத்திருந்தேன். இந்தப் பருப்புக்காகவா லூமுட் வரை போனோம் என்று மனைவியிடம் கேட்டேன். மீன் நல்லாத்தானே இருந்தது என்றாள்.

அதன் பிறகு கொஞ்ச காலம் ஈப்போவில் என் தொல்லை தாங்க முடியாமல் இருந்திருக்கும். எந்தக் கல்யாணத்திலும் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துவதற்கு முன் என் வயிற்றைத்தான் அறிமுகப்படுத்தினேன். "டாக்டரே பாத்துட்டு அருமையான கட்டின்னு சொன்னாருங்க. உங்க யாருக்காச்சும் அப்படி ஒரு கட்டி இருக்கா?" என்பேன். அருமை என்றால் அவர் தமிழில் அபூர்வம் என்று மனைவி எத்தனை தடவை விளக்கினாலும் நான் காதில் வாங்கவில்லை. ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டு இரண்டு வாரம் செத்தவன், இன்னொன்றைத் தப்பாகக் கேட்டு இரண்டு வருடம் பெருமைப்பட்டால் என்ன குறைந்துவிடும்? தவுக்கேயும் மகிழ்ச்சிதான். நான் வேலைக்குத் திரும்பிய அன்றே சரக்கு எண்ணச் சொன்னார்.

ஒரே ஒரு விவகாரம் பாக்கி இருந்தது. உயிர் திரும்பக் கிடைத்தவனுக்கு வேலைக்குப் போக வண்டி வேண்டுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பஸ் பிடித்து பீடோருக்குப் போனோம். மச்சான் வீட்டு முன்னால் என் வண்டி நின்றது. நின்றது என் வண்டிதான் என்று எண் தகடைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீலமாக இருந்ததைச் சிவப்பாக்கியிருந்தான். முன்னால் ஒரு கூடை, பின்னால் இரண்டு கொடி, கைப்பிடியில் நூல் குஞ்சம். கோழிக் கறி ஆக்கிப் போட்டான். நன்றாகச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்து, மூன்று முறை தொண்டையைக் கனைத்து, கட்டி நல்ல கட்டியாகப் போய்விட்டதையும், நான் போவதாகச் சொன்ன இடத்துக்கு இப்போதைக்குப் போகவில்லை என்பதையும் எடுத்துச் சொன்னேன். வண்டி என்ற சொல்லை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அவன் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டான்.

"வண்டிதானே மச்சான்? எங்க ஓடிப் போயிரப் போவுது?" என்றான். "ஆறுதலாத் தரேன்."

சமையல் கட்டில் என் மனைவியும் அவன் மனைவியும் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். யார் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நான் விசாரிக்கத் தேவையில்லை.

பஸ்ஸில்தான் திரும்பினோம். கம்பார் தாண்டும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் வெயிலில் பளபளப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நல்ல வேளை, வண்டியோட நிறுத்துனீங்க. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா என்னையவும் யாருக்காச்சும் குடுத்திருப்பீங்க."

யாரும் வாங்கியிருக்கமாட்டார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இப்போதுதான் பிழைத்திருக்கிறோம் என்று விழுங்கிவிட்டேன்.